காப்பி இறங்கவில்லையா?

தமிழ்நாட்டில் 'காப்பி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, காலையில் கண் விழித்ததும் நாம் தேடுவது. மற்றொன்று, கம்ப்யூட்டரில் ஓர் இடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்குப் பிரதி எடுப்பது. இரண்டும் சில நாட்களில் இறங்குவதில்லை. பில்டரில் பொடியைப் போட்டு வெந்நீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறோம். எத்தனை தட்டினாலும் ஒரு சொட்டுக்கூடக் கீழே வருவதில்லை. அதற்காக யாராவது பில்டரைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார்களா? வெளிச்சத்தில் பிடித்து, எந்தத் துவாரம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறோம். ஆனால் கம்ப்யூட்டரில் காப்பி இறங்கவில்லை என்றால் மட்டும், "பெட்டி போய்விட்டது" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்!

இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பின் மேல் ஓர் அப்பீல்.

உங்கள் வீட்டிலும் பரணிலோ, கட்டிலுக்கு அடியிலோ, பழைய புடவையால் மூடிய ஒரு கம்ப்யூட்டர் இருக்கக்கூடும். பெரும்பாலும் அதில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி வெளிவந்தது. சேலம், நாமக்கல் சீமையில் லாரி புக்கிங் ஆபீஸ், கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, போட்டோ ஸ்டூடியோ என்று நுழைந்து, பிறகு வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோஸாப்ட் அதைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டது. கம்பெனி கைவிட்டது என்பதற்காக, அதற்குள் நாம் வைத்திருந்த கல்யாணப் படமும் கடிதமும் மறைந்துவிடுமா? அவை அங்கேயேதான் இருக்கின்றன, யாராவது வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று.

நாமக்கல்லில் என் பெரியம்மா வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. பெரியப்பா லாரி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 2004-ல் ஓய்வு பெற்றதும், கையில் வந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டரைச் செகண்ட் ஹாண்டாக வாங்கினார். "இந்த வயசுல இது எதுக்குங்க?" என்று தெருவே கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை. தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, தினமும் காலையில் ஒரு பக்கம் எழுதினார். பேத்திக்குக் கதைகள் சொல்லிக் குரலையும் பதிந்து வைத்தார். 2011-ல் காலமானார்.

வருஷங்கள் கழித்து, பெரியம்மா நாமக்கல் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சேலம் அம்மாப்பேட்டையில் மகள் வீட்டோடு போய் இருப்பது என்று முடிவாயிற்று. மகள் வீட்டில் பெட்டிக்கு இடமில்லை. உள்ளே இருப்பதை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தார்கள். காப்பி பாதியில் நின்றது. மறுபடி போட்டார்கள், மறுபடி நின்றது. கடையிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, "டிஸ்க் போயிடுச்சுங்க. ஃபார்மட் பண்ணினா புதுசாட்டம் ஓடும்" என்றாராம். ஃபார்மட் என்றால் சிலேட்டைத் துடைப்பது போல என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் ஏதோ சந்தேகம் தட்டி எனக்குப் போன் செய்தார்.

நான் போய் இறங்கியபோது சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை வீடு காலி.

"மத்தது வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் கண்ணு. உங்க பெரியப்பா பேசறது அதுக்குள்ள இருக்குது. அது மட்டும் வேணும்" என்றார் பெரியம்மா.

பழைய பெட்டியோடு போராடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடத்தை பெரியம்மாவே சொல்லிவிட்டார். எது ரொம்ப முக்கியமோ அதை முதலில் எடுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் இழுக்கக்கூடாது. டிஸ்க்கைச் சரிசெய்யும் 'செக்டிஸ்க்' போன்ற வைத்தியங்களையும் முதலில் செய்யக்கூடாது. அவை டிஸ்க்கில் எழுதவும் அழிக்கவும் கூடியவை. தள்ளாத டிஸ்க் அந்த வைத்தியத்திலேயே உயிரை விட்டுவிடலாம். முதலில் பிரதி, பிறகு வைத்தியம். டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தால் மட்டும், உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெரியப்பாவின் டிஸ்க்கில் அந்தச் சத்தம் இல்லை.

குரல் பதிந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஒரு வேடிக்கையைப் பாருங்கள்! எக்ஸ்பியோடு வந்த சவுண்ட் ரிக்கார்டர் சாதாரணமாக 60 விநாடிக்கு மேல் பதியாது. அதனால் பெரியப்பா ஒவ்வொரு கதையையும் நிமிஷம் நிமிஷமாக வெட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வைத்திருந்தார். சின்னச் சின்ன ஃபைல்கள். பத்துப் பத்தாக எடுத்தேன். எல்லாம் வந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் வம்பு ஆரம்பமாயிற்று. படங்கள் இருந்த ஃபோல்டரைக் காப்பி போட்டதும், "டேட்டா எர்ரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. கடைக்காரரைப் பயமுறுத்திய வாசகம் இதுதான். உண்மையில் அது என்ன சொல்கிறது?

நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முட்டை அட்டை ஒன்றுக்கு 30 முட்டை. ஏற்றும்போது எண்ணி எழுதுகிறார்கள், இறக்கும்போதும் எண்ணுகிறார்கள். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் அந்த அட்டையில் உடைசல் இருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க்கும் ஒவ்வொரு சிறு பகுதியை எழுதும்போது அதற்கு ஒரு சரிபார்ப்புக் கணக்கையும் சேர்த்து எழுதிக்கொள்கிறது. திரும்பப் படிக்கும்போது கணக்கு உதைத்தால், "இந்த அட்டை சரியில்லை" என்கிறது. டிஸ்க் முழுவதும் போய்விட்டது என்று அது சொல்லவே இல்லை!

கோளாறு எக்ஸ்பியின் சுபாவத்தில் இருக்கிறது. ஓர் அட்டையில் உடைசலைக் கண்டதும், "லாரியைத் திருப்பு!" என்று மொத்த லோடையும் நிறுத்திவிடும். "அதை விட்டுவிட்டு மற்றதை ஏற்று" என்று சொல்ல அதில் வழி வைக்கவில்லை. அந்த வழி 2007-ல் விஸ்டா வந்தபோதுதான் வந்தது. ஆனால் எக்ஸ்பிக்குள்ளேயே ஒரு பழைய வேலைக்காரர் ஒளிந்துகொண்டிருக்கிறார். அவர் பெயர் 'எக்ஸ்காப்பி'. ஸ்டார்ட் பொத்தானில் 'ரன்' என்பதைத் திறந்து 'சிஎம்டி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதில் எக்ஸ்காப்பி என்று எழுதி, எங்கிருந்து, எங்கே என்பதைச் சொல்லி, கடைசியில் ஒரு சாய்கோடும் 'சி' என்ற எழுத்தும் போட்டால், "தப்பு வந்தாலும் நில்லாமல் மேலே போ" என்று பொருள். இன்னொரு சாய்கோடும் 'ஈ' என்ற எழுத்தும் சேர்த்தால் உள் ஃபோல்டர்களும் கூடவே வரும்.

அப்படிப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரிசையாகப் பெயர்கள் ஓடின. ஓரிடத்தில் தயங்கியது, டிஸ்க் முனகியது, பிறகு அதை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. மொத்தத்தையும் மறித்துக்கொண்டு நின்ற அந்த ஃபைல் எது என்று பார்த்தேன். எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடிய ஒரு சினிமாப் பாட்டு! அந்த ஒரு பாட்டுக்காக ஏழு வருஷத்துக் குடும்பச் சரித்திரத்தையே துடைத்துவிட இருந்தார்கள்.

இரண்டு போட்டோக்களில் மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டது. ஒன்றில் பெரியம்மாவின் முகம் இருக்கிறது, புடவை இல்லை. "எந்தப் புடவைன்னு எனக்குத் தெரியும், விடு" என்றார்.

*

அடுத்தது கல்யாண வீடியோ. மகள் கல்யாணத்து டிவிடியை மாப்பிள்ளை முன்பே ஒரே ஃபைலாக மாற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். அசல் டிவிடி கீறல் விழுந்து போயிற்று. இதைக் காப்பி போட்டால், "போதுமான இடமில்லை" என்று செய்தி வந்தது. 16 ஜிபி பென் டிரைவில் முக்கால் பங்கு காலி! யாருக்குத்தான் கோபம் வராது?

இது எக்ஸ்பி சொல்லும் அரை உண்மை. கடையில் வாங்கும் பென் டிரைவ்கள் பலவும் 'ஃபாட் 32' என்ற முறையில் கோடு போட்ட நோட்டுகள். 1996-ல் வந்த முறை அது. ஒரு ஃபைலின் அளவை எழுத அதில் ஒதுக்கிய கட்டங்கள் கொஞ்சம்தான். பழைய லாரியின் கிலோமீட்டர் மீட்டரில் ஐந்து கட்டம் இருந்தால் 99,999-க்கு மேல் காட்ட முடியாதல்லவா? அதே போல இந்த முறையில் ஒரு ஃபைல் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டுக்கு மேல் போக முடியாது. அதைத்தான் 4 ஜிபி எல்லை என்கிறார்கள். டிவிடியில் படங்கள் 1 ஜிபித் துண்டுகளாக இருப்பதால் துண்டாக எடுத்தால் தொல்லை இல்லை. ஒரே ஃபைலாக்கியதால் வந்த வினை இது.

பரிகாரம் உண்டு. அதே கறுப்பு ஜன்னலில் 'கன்வர்ட்' என்ற சொல், ஓர் இடைவெளி, பென் டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, மறுபடி இடைவெளி, சாய்கோடு, 'எஃப்எஸ்', முக்காற்புள்ளி, 'என்டிஎஃப்எஸ்'. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். நோட்டின் கோடுகள் மாறும், எழுதியது அழியாது. ஆனாலும், அதில் ஏற்கெனவே இருப்பதை வேறிடத்தில் வைத்துக்கொண்டு செய்வதே புத்திசாலித்தனம். அப்படி மாற்றிய பென் டிரைவைச் சில டி.வி.க்கள் படிக்காமல் முரண்டு பிடிக்கலாம் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

மாற்றினேன். காப்பி புறப்பட்டது. ஆனால் என்ன வேகம்! பத்து நிமிஷமாகியும் பச்சைக் கட்டங்கள் அசைந்ததாகவே தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து பென் டிரைவைப் பிடுங்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். மிகப் பழைய பெட்டிகளில் இருப்பது யூஎஸ்பி 1.1. அதில் விநாடிக்கு ஏறக்குறைய 1 எம்பிதான் போகும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் என்றால் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். நின்றுவிட்டது என்று நினைத்தது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் பெரியம்மாவும் பாத்திரங்களை மூட்டை கட்டினோம். மூட்டை முடிந்தபோது அதுவும் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எழுதியவற்றைத் தேடினோம். அவர் தனக்கென்று ஒரு கணக்கு வைத்து, பாஸ்வேர்டும் போட்டிருந்தார். அவர் போன பிறகு மாப்பிள்ளை வேறு கணக்குத் தொடங்கியிருந்தார். பழைய ஃபோல்டரைத் தொட்டால் "அனுமதி இல்லை" என்றது.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். தொழில்நுட்பத்தை விட இது பெரிய கேள்வியல்லவா? போனவர் பூட்டி வைத்ததைத் திறக்கலாமா?

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதறப்ப எட்டிப் பாத்தா, 'முடியட்டும் இரு, உனக்குத்தான் மொதல்ல'ம்பாரு. முடிச்சாரோ என்னமோ. திற கண்ணு" என்றார்.

அவருடையது எக்ஸ்பியில் 'ஹோம்' என்ற வகை. பெட்டி விழிக்கும்போது எஃப்8 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் 'சேஃப் மோட்' வரும். அங்கே நிர்வாகி கணக்கு தெரியும். வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் அதற்குப் பாஸ்வேர்டு இருக்காது. ஃபோல்டரின் மேல் வலது பக்கம் தட்டி, 'செக்யூரிட்டி' பக்கத்தில் உரிமையை நிர்வாகி பெயருக்கு மாற்றினால் கதவு திறக்கும். பாகப் பத்திரத்தில் பெயர் மாற்றுவது போலத்தான். 'புரொபஷனல்' வகையில், ஃபைலின் பெயர் பச்சை எழுத்தில் தெரிந்தால் அது சங்கேதமாக்கப்பட்டது என்று அர்த்தம். அதற்குரிய சாவி இல்லாமல் உரிமை மாற்றியும் படிக்க முடியாது. அப்படிப்பட்ட பெட்டியைத் தயவுசெய்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள்; சாவியும் அதற்குள்ளேதான் இருக்கும்.

ஃபோல்டர் திறந்தது. பக்கங்கள் காப்பி ஆயின. என் மடிக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால், எல்லாம் ஏதோ வேற்று நாட்டுக் கிறுக்கல்! பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது.

ஃபைல் கெட்டுப்போகவில்லை, எழுத்துதான் கூட வரவில்லை. அந்த நாளில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு முறையில் இருந்தன. ஒன்றில் 'க' உட்கார்ந்த நாற்காலியில் இன்னொன்றில் வேறு எழுத்து உட்கார்ந்திருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொதுவான விசைப்பலகையும் எழுத்து முறையும் வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. இடைக்காலத்தில் எழுதியவர்களின் கடிதங்கள் எல்லாம், அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் வாய் திறக்கும். ஆகவே, பழைய பெட்டியிலிருந்து தமிழ்க் கடிதங்களை எடுக்கும்போது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்துருமாற்றி ஒன்றின் உதவியால் யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதியும் வைத்துக்கொள்ளலாம். நான் எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டேன். கிறுக்கல் கலைந்து தமிழாயிற்று. முதல் வரியில், 'லாரி ஆபீஸில் நான் சேர்ந்த அன்று' என்றிருந்தது.

சில ஃபைல்கள் அப்போதும் வரமாட்டோம் என்றன. காரணம் பெயர். எக்ஸ்பியில் ஒரு ஃபைலின் விலாசம், அது இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்கள் உட்பட, 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். தமிழில் பெயர் வைத்தால் 'கோ' என்பதை இரண்டாகவும் 'ஸ்ரீ' என்பதை நான்காகவும் எண்ணிக்கொள்ளும். 'சின்ன மாப்பிள்ளை வீட்டுச் சீமந்தத்தில் எடுத்த படங்கள்' என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? வெளி ஃபோல்டருக்கு 'அ' என்று சுருக்கமாகப் பெயர் மாற்றுங்கள், வந்துவிடும்.

*

காப்பி முடிந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்குச் சேலத்துக்காரர் ஒருவரின் பெயரை நினைவூட்டுகிறேன். சேலம் இராமசுவாமி முதலியார் 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தார். உ. வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றி விசாரித்து, தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தவர் அவர்தான். ஐயர் அந்த ஒரு பிரதியோடு நிற்கவில்லை. மேலும் பல பிரதிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓலையைப் பெயர்த்து எழுதியவர் எங்கே கண் அயர்ந்தார் என்பது, இன்னொரு பிரதியை அருகில் வைத்தால்தானே தெரியும்?

நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. இரண்டு ஃபோல்டர்களின் மேலும் வலது பக்கம் தட்டி 'பிராபர்ட்டீஸ்' பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். 'சைஸ்' என்ற தொகையும் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இருப்பது வித்தியாசப்பட்டால் கவலை வேண்டாம். அரிசி அதேதான், டப்பாவின் அளவுதான் வேறு. பிறகு பத்துப் பன்னிரண்டு ஃபைல்களையாவது திறந்து கண்ணால் பாருங்கள். பென் டிரைவை எடுக்கும்போது, 'சேஃப்லி ரிமூவ்' சொல்லிவிட்டு எடுங்கள்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவுக்காக ஒரு கதையைப் போட்டேன். ஆஞ்சநேயர் கொண்டுவந்த சாளக்கிராமத்தைக் கீழே வைத்ததும், அது மறுபடி தூக்க முடியாமல் நாமக்கல் மலையாக வளர்ந்துவிட்ட கதை. நிமிஷம் முடியப் போகிறதே என்று அவசர அவசரமாக, மூச்சு வாங்கப் பேசுகிறார் பெரியப்பா. நடுவில் பேத்தி ஏதோ கேட்கிறாள். "இரு சாமி, அடுத்ததுல சொல்றேன்" என்கிறார். அதோடு நின்றுவிடுகிறது. பெரியம்மா, "அடுத்ததைப் போடு" என்றார்.

பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. சாதாரணமாக ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்தும் தெரிந்தவர்கள் பலவற்றை மீட்டுவிடுவார்கள். பெட்டி விழிக்கவே மறுத்தாலும் இந்த டிஸ்க்கைக் கழற்றி, அதற்கேற்ற யூஎஸ்பி இணைப்பான் வழியாகப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்க முடியும். ஆகவே, பெட்டி போனாலும் டிஸ்க்கைப் போகவிடாதீர்கள். பழைய பெட்டியைப் பிரதி எடுக்கும் நேரத்தில் இண்டர்நெட்டோடு இணைக்காமல் இருப்பதும், எடுத்த பென் டிரைவைப் புதிய கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை செய்துவிட்டுத் திறப்பதும் நல்லது.

பென் டிரைவில் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட வேண்டாம். பென் டிரைவும் சாகும். வீட்டில் எரித்த சிடியும் நாளடைவில் மங்கும். ஊறுகாயை ஒரே ஜாடியில் போட்டு வைத்தால் ஒரு நாள் பூஞ்சணம் மொத்தத்தையும் கொண்டுபோய்விடும் என்று நமக்குத் தெரியாதா? பிரதி ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று மகள் வீட்டில், ஒன்று தம்பி வீட்டில் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு தரம் திறந்து பாருங்கள்.

இன்று புதிதாகத் தோன்றும் பெட்டிக்கும் இதே கதிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கம்பெனிகள் தேதி குறித்துவிட்டுப் போய்விடும். நம் வீட்டுப் பெரியவர்களின் குரலை அடுத்த பெட்டிக்கு மாற்றிக்கொண்டு போவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே, பரணில் இருப்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். தூசி தட்டுங்கள். ஏதாவது செய்தி வந்தால் பயப்படாமல் அதை ஒரு காகிதத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்; எந்தத் துவாரம் அடைத்திருக்கிறது என்று அதுவே சொல்லும். "ஃபார்மட் பண்ணிடலாமுங்க" என்று யாராவது சொன்னால், "இருங்க, மொதல்ல காப்பி" என்று சொல்லுங்கள். எந்தக் காப்பி என்று அவருக்குப் புரியாவிட்டால், ஒரு டம்ளர் அதையும் கொடுத்து உட்கார வைக்கலாம்.